சுவர்ப் பக்கம் நாற்காலி

மார்ச் 3

பெறுநர்: ஆய்வாளர், சாலைப் பிரிவு, நகர அலுவலகம்.

ஐயா,

பொருள்: அட்டைப்பெட்டிக் கிடங்குக்கும் எங்கள் தெரு வீடுகளின் பின்பக்கத்துக்கும் நடுவே உள்ள பொது நடைபாதையை மூடக் கூடாது என்பது பற்றி.

அந்தப் பாதை அதிகம் பயன்படாதது என்று சொல்லி மூடிவிட்டு, இடத்தைக் கிடங்குக்காரருக்கு லாரி திருப்பக் கொடுக்கப் போவதாக உங்கள் அறிவிப்பு தெருமுனைக் கம்பத்தில் ஒட்டியிருக்கிறது. ஒட்டியவர் தலைகீழாக ஒட்டியிருக்கிறார். கழுத்தைத் திருப்பித்தான் படித்தேன்.

என் கணவர் பதினொரு வருடமாகத் தினமும் அந்தச் சந்து வழியாகத்தான் வேலைக்குப் போகிறார். சந்தின் மறுமுனையில் இருக்கும் பட்டறையில் மோட்டாருக்குக் காயில் சுற்றுகிறார். காலை ஏழு மணிக்குப் போவார், மாலை ஐந்தரைக்குத் திரும்புவார். பாதையை மூடினால் பெரிய ரோட்டைச் சுற்றித்தான் போக வேண்டும். அது அவரால் முடியாது. ஆகவே மூட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இந்த மனுவை வேறு அதிகாரியிடம் கொடுக்கலாமா என்று உங்கள் அலுவலகத்தில் விசாரித்தேன். "சாலைப் பிரிவுக்கு அவர் ஒருத்தர்தாம்மா" என்றார்கள். அதனால்தான் உங்களுக்கு எழுத வேண்டியதாயிற்று. மற்றபடி உங்களுக்கு எழுத எனக்கு ஒன்றும் இல்லை.

இப்படிக்கு,
தெருவின் கடைசி வீடு.
(வழி உங்களுக்குத் தெரியும். இந்த எட்டு மாதத்தில் மறந்திருந்தால் சந்தோஷம்.)


மார்ச் 8

அம்மையீர்,

தங்கள் மனு பெறப்பட்டது. மேற்படி பாதையில் பிப்ரவரி 10 திங்கள் முதல் 14 வெள்ளி வரை, காலை ஆறு மணி முதல் மாலை ஆறு மணி வரை, நடப்போர் எண்ணிக்கை எடுக்கப்பட்டது. ஐந்து நாட்களில் பாதையை முழுவதுமாகக் கடந்தவர்கள் பதினான்கு பேர். தாங்கள் குறிப்பிடும் நபர் அதில் இல்லை. எனவே பாதையை மூடலாம் என்ற பரிந்துரை குழுவுக்கு அனுப்பப்பட்டுள்ளது. மறுப்புக்குக் குறிப்பான காரணம் இருப்பின் எழுத்து மூலம் தெரிவிக்கவும்.

ஆய்வாளர்.

அக்கா, மேலே உள்ளது டைப் அடித்தது, கோப்புக்கு ஒரு நகல் போகும். இதைக் கையால் எழுதுகிறேன், இதற்கு நகல் கிடையாது. போனில் பேசலாம் என்றால் என் நம்பரை நீ அடைத்து வைத்திருக்கிறாய். வீட்டுக்கு வரலாம் என்றால் வாசலில் கால் வைக்காதே என்று சொல்லியிருக்கிறாய். பிறகு நான் எப்படித்தான் பேசுவது?

மாமாவுக்குக் கண் தெரியாது என்பதை ஏன் எழுதவில்லை? "அவரால் முடியாது" என்று மொட்டையாக எழுதினால் முட்டி வலி என்று நினைத்துக்கொள்வார்கள். அந்த ஒரு வரி இருந்தால் குழுவில் யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள். இன்னொரு மனு கொடு. நானே எடுத்து மேலே வைக்கிறேன்.

தம்பி


மார்ச் 11

தம்பிக்கு,

இந்தச் சொல்லை எழுதக் கை வரவில்லை. ஆனால் இன்னொரு தடவை "ஐயா" என்று எழுதினால் எனக்கே சிரிப்பு வந்துவிடும். உனக்குக் கால் கழுவி விட்டவள் நான்.

ஏன் எழுதவில்லை என்று கேட்கிறாய். எழுதினேன். எங்கள் வீட்டில் எது எழுதினாலும், எது வந்தாலும், அவருக்கு வாசித்துக் காட்டுவது வழக்கம். "கண் தெரியாத என் கணவர்" என்று வாசித்ததும் கையை நீட்டினார். காகிதத்தைக் கொடுத்தேன். நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "நான் வேலைக்குப் போறவன். வேலைக்குப் போறவன் வழி கேக்குறான்னு எழுது. இன்னைக்குக் கண்ணைக் காட்டி வழி வாங்கினா, நாளைக்கு அதே கண்ணைக் காட்டி என்னை வீட்டுல உக்காரச் சொல்லுவாங்க" என்றார். அப்படிச் சொன்ன ஆள் யார் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இரண்டு பேரும் பேச்சை அதோடு விட்டோம்.

அம்மாவைப் பார்க்க எல்லாரும் கூடிய அன்றைக்கு நீ என்ன சொன்னாய், ஞாபகம் இருக்கிறதா? "மாமாவை வீட்டோட வச்சுக்கக் கூடாதா அக்கா? தனியா விட்டு ஏதாவது ஆச்சுன்னா நாளைக்கு நாங்கதானே ஓடணும்?" அவர் உனக்கு அடுத்த நாற்காலியில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கண் போனவருக்குக் காதும் போய்விட்டது என்று நினைத்தாயா? பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவினார்.

நீ கணக்கெடுத்த வாரத்தில் அவர் ஏன் இல்லை என்று கேட்கிறாயா? சொல்கிறேன், கேட்டுக்கொள். திங்கட்கிழமை அவர் வயிற்று வலி என்று வீட்டில் இருந்துவிட்டார். அன்றைக்குச் சாயங்காலம் பக்கத்து வீட்டுத் தையல்காரம்மா வந்து, "உங்க தம்பி சந்து முனையில நாற்காலி போட்டு உக்காந்திருக்காரே" என்றாள். அன்றைக்கே லேபுக்குப் போன் செய்து நாலு நாள் லீவு சொன்னேன். காலை ஆறு மணிக்கே ரத்தப் பரிசோதனைக்கு ஆட்கள் வரிசையில் நிற்கிற இடம் அது. லீவு கேட்டால் மேலாளர் முகம் எப்படி இருக்கும் என்று நீயே நினைத்துக்கொள். செவ்வாய் முதல் வெள்ளி வரை அவர் கையைப் பிடித்துப் பெரிய ரோட்டைச் சுற்றிக் கூட்டிக்கொண்டு போனேன். அவர் நடந்து போவதை நீ பேனாவும் கையுமாக வேடிக்கை பார்க்கக் கூடாது என்றுதான். மூன்று இடத்தில் ரோட்டைக் கடக்க வேண்டும். ஒவ்வொரு இடத்திலும் என் மணிக்கட்டை நெரித்துவிடுவது போலப் பிடித்தார். சந்தில் அவர் என் கையைத் தொடவே மாட்டார்.

நீ எண்ண வந்த ஆளை நானே ஒளித்து வைத்திருக்கிறேன். என் புத்தியைச் செருப்பால்தான் அடிக்க வேண்டும். சரி, அதை நான் பார்த்துக்கொள்கிறேன். நீ கணக்கைத் திருத்து. தினமும் நான் லீவு போட முடியாது. நான் கூட்டிப் போகாவிட்டால் அவர் வீட்டில்தான் உட்கார வேண்டும். நீ ஆசைப்பட்டதுதான் நடக்கும்.

அக்கா


மார்ச் 16

அக்காவுக்கு,

திருத்த முடியாது. ஐந்து நாள் தாள்களும் கையெழுத்தாகி, உறையில் ஒட்டப்பட்டு, குழுவின் அலமாரிக்குப் போய்விட்டன. நான் இப்போது போய் "என் மாமா விட்டுப்போய்விட்டார், சேர்த்துக்கொள்கிறேன்" என்றால் கிடங்குக்காரர் சும்மா இருப்பாரா? ஆய்வாளர் தன் குடும்பத்துக்காகக் கணக்கை மாற்றினார் என்று ஊரைக் கூட்டிவிடுவார். உண்மையில் நான் அங்கே உட்கார்ந்திருக்கவே கூடாது. எண்ண வேண்டிய ஊழியர் முதுகுப் பிடிப்பு என்று படுத்துவிட்டார். வேறு ஆள் இல்லை. எங்கள் அலுவலகத்தில் எந்த வேலைக்குத்தான் ஆள் இருக்கிறது?

அன்றைக்குச் சாப்பாட்டில் நான் சொன்ன விதம் தப்பு. ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நான் ஏன் சொன்னேன் என்று நீ ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. அதற்கு முந்தின வாரம் பஸ்ஸில் போகும்போது மாமாவைப் பெரிய ரோட்டில் பார்த்தேன். மருந்துக் கடை வாசலில், ரோட்டின் விளிம்பில், ஒரு காலை மட்டும் கீழே வைத்து நின்றார். ஒரு லாரி அவர் சட்டையை உரசுகிற மாதிரி போனது. நான் உள்ளேயிருந்து கத்தினேன், டிரைவர் நிறுத்தவில்லை. அடுத்த நிறுத்தத்தில் இறங்கித் திரும்பி ஓடி வந்தபோது அவர் அங்கே இல்லை. மூன்று நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. அந்தப் பயத்தைத்தான் அன்றைக்கு எல்லார் முன்னாலும் கொட்டிவிட்டேன்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். கிடங்குக்காரரின் விண்ணப்பம் என் மேஜைக்கு வந்தபோது, பாதையை மூடினால் மாமா வீட்டில் பத்திரமாக இருப்பார் என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். நினைத்தது மட்டும்தான். கணக்கில் நான் ஒரு கோடுகூட அழிக்கவில்லை. ஐந்து நாளும் யார் கடந்தார்களோ அவர்களைத்தான் எழுதினேன்.

கண்ணைப் பற்றி எழுதச் சொல்லி மாமாவிடம் இன்னொரு தடவை கேட்டுப் பார். வேறு வழி தெரியவில்லை.

தம்பி


மார்ச் 19

தம்பி,

உன் கடிதத்தையும் அவருக்கு வாசித்தேன். மருந்துக் கடை லாரியைப் பற்றி வாசித்தபோது தலையை ஆட்டினார். அன்றைக்கு எனக்கு மாத்திரை வாங்கப் போயிருந்தாராம். என்னிடம் இத்தனை நாள் சொல்லவில்லை. அதற்கு அவரைத் தனியாகக் கவனித்துக்கொள்கிறேன்.

"ஐந்து நாளும் யார் கடந்தார்களோ அவர்களைத்தான் எழுதினேன்" என்ற வரி வந்ததும் சிரித்தார். நல்ல சிரிப்பு இல்லை. நான் விடவில்லை, குடைந்தேன். அப்புறம்தான் சொன்னார்.

திங்கட்கிழமை நான் ஐந்தரைக்கே லேபுக்குக் கிளம்பிவிட்டேன். அவர் ஏழு மணிக்கு வழக்கம்போலக் கிடங்குச் சுவரில் கையை வைத்துக்கொண்டு போயிருக்கிறார். அந்த முனைக்குப் பத்து அடி இருக்கும்போது முட்டியில் நாற்காலி இடித்திருக்கிறது. பதினொரு வருடத்தில் அந்தச் சுவரோரம் எதுவுமே இருந்ததில்லை. "யாரு?" என்று கேட்டிருக்கிறார். பதில் இல்லை. இரண்டாவது தடவை, "யாருங்க?" என்றிருக்கிறார். நாற்காலியில் இருந்தவர் இவர் மேல் உரசிய காலை மட்டும் மேலே தூக்கிக்கொண்டார். கிராம்பு வாசனை வந்ததாம்.

கிராம்பை மென்றுகொண்டு திரிகிறவன் நம் குடும்பத்தில் நீ ஒருத்தன்தான்.

அவர் அப்படியே திரும்பி வீட்டுக்கு வந்துவிட்டார். தனக்கு வயிற்று வலி என்று என்னிடம் சொன்னார். நானும் நம்பினேன். எட்டு மாதம் சண்டை போடு, என்னைத் திட்டு, அம்மாவிடம் போய் மூட்டிவிடு, எல்லாம் பொறுத்துக்கொள்வேன். ஒரு மனிதர் உன் முன்னால் நின்று யார் என்று கேட்கிறார். அவருக்குத் தெரிந்துகொள்ள வேறு வழியில்லை, உன் குரல் ஒன்றுதான். அதைக்கூடக் கொடுக்க உனக்கு மனசு வரவில்லையா? நீயெல்லாம் மனிதர்களை எண்ண உட்கார்ந்துவிட்டாய்!

இதற்குப் பதில் எழுதாதே.

அக்கா


மார்ச் 24

அக்காவுக்கு,

எழுதாதே என்றாய். எழுதுகிறேன். தபாலில் போட்டால் பிரிக்காமல் கிழித்துவிடுவாய் என்று, நீ லேபில் இருக்கும் நேரம் பார்த்துக் கதவுக்கு அடியில் தள்ளிவிட்டுப் போகிறேன்.

நான்தான். மாமா சொன்னதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. அவர் தூரத்தில் வரும்போதே பார்த்துவிட்டேன். என்ன பேசுவது, எப்படி ஆரம்பிப்பது என்று யோசித்துக்கொண்டே இருந்தேன். அதற்குள் வந்து இடித்துவிட்டார். "யாரு" என்று கேட்டபோது வாயில் இருந்த கிராம்பைக் கடித்துக்கொண்டேன். "நான்தான் மாமா" என்று சொன்னால் அவர் முகம் மாறிவிடும் என்று பயந்தேன். பேசாமல் இருந்தால் நகர்ந்து போய்விடுவார் என்று நினைத்தேன். அவர் திரும்பிப் போனார். முழுப் பாதையையும் கடந்தவர்களை மட்டும்தான் எழுத வேண்டும் என்று எங்கள் விதி. கடந்திருந்தால் அவருக்கு ஒரு கோடு விழுந்திருக்கும். கடக்க விடாமல் உட்கார்ந்திருந்தவன் நான். எழுதாமல் விட்டவனும் நான். அதன் பிறகு உனக்கு நேர்மையைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருக்கிறேன். இப்போது அதை நினைத்தால் கூசுகிறது.

நேற்று ஞாயிற்றுக்கிழமை. யாரிடமும் சொல்லாமல் சந்துக்குப் போனேன். நாற்காலி போட்டிருந்த இடத்தில் நின்று சுவரைப் பார்த்தேன். ஐந்து நாள் அதற்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தும் நான் பார்க்காத ஒன்று இருந்தது. இடுப்புக்குச் சற்று மேலே, நாலு விரல் அகலத்துக்கு, சுண்ணாம்பு தேய்ந்து செங்கல் வழவழவென்று தெரிகிறது. இந்த முனையில் ஆரம்பித்து அந்த முனை வரை ஒரே கோடு. டேப் வைத்து அளந்தேன், இருநூற்றுப் பன்னிரண்டு மீட்டர். நடுவில் குழாய் துருத்திக்கொண்டிருக்கும் இடத்தில் மட்டும் கோடு வளைந்து மேலே ஏறி இறங்குகிறது.

மனுவில் எந்தக் கண்ணையும் எழுத வேண்டாம். "சுவரில் நீண்ட காலப் பயன்பாட்டின் அடையாளம் உள்ளது, நேரில் பார்க்கவும்" என்று குழுவுக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். என் கணக்கெடுப்பில் குறை இருந்தது என்றும் எழுதிவிட்டேன். மேலதிகாரி என்னைப் பார்த்த பார்வையை விடு. ஏப்ரல் 5 சனிக்கிழமை, காலை பதினொரு மணிக்குக் குழு நேரில் வருகிறது.

தம்பி


ஏப்ரல் 3

தம்பி,

எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன். ஆத்திரம் தாங்கவில்லை.

இன்றைக்கு மத்தியானம் கிடங்கில் பெயிண்ட் டப்பாக்களும் ஏணியும் வந்து இறங்கின. தையல்காரம்மா பின்பக்க ஜன்னலிலிருந்து பார்த்துவிட்டு ஓடி வந்தாள். சுவரைச் சுரண்டிப் பட்டி பார்க்கிறார்கள். நாளைக்கு ஒரு பூச்சு, நாளை மறுநாள் விடியற்காலை கடைசிப் பூச்சு என்று மேஸ்திரி சொன்னானாம். நீ எழுதிக் கொடுத்தது கிடங்குக்காரர் காதுக்கு எப்படிப் போனது? உங்கள் அலுவலகத்தில் கோப்புக்குப் பூட்டே கிடையாதா?

போட்டோ எடுத்து வைத்திருக்கிறாய் அல்லவா?

அக்கா


ஏப்ரல் 4

அக்கா,

எடுக்கவில்லை. டேப்பை எடுத்துக்கொண்டு போனவனுக்குச் சட்டைப் பையில் இருந்த போனை எடுக்கத் தோன்றவில்லை. இருபது வருடமாக அளந்து எழுதியே பழக்கம். அளவு எழுதிவிட்டால் போதும் என்று இருந்துவிட்டேன். சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருக்கிறது. அதற்கும் இப்போது ஈரமில்லாத சுவர் வேண்டும்.

கிடங்குக்குப் போய் நிறுத்தச் சொன்னேன். "என் சுவர், என் பெயிண்ட். நகரத்தை அழகா வச்சுக்கணும்னு நீங்கதானே நோட்டீஸ் விடுறீங்க?" என்றார். அவர் சொல்வது சட்டப்படி சரி. நாளைக்குக் குழு வந்து வெள்ளை வெளேர் என்று ஒரு சுவரைப் பார்க்கும். நான் பக்கத்தில் நின்று இங்கே ஒரு கோடு இருந்தது என்று சொல்ல வேண்டும்.

மாமாவிடம் சொல், நான் முயற்சி செய்தேன் என்று. வேண்டாம், சொல்லாதே. வாசிக்கத்தான் போகிறாய்.

தம்பி


ஏப்ரல் 5, மத்தியானம்

தம்பி,

குழு என்ன சொன்னது என்று எனக்கு இன்னும் தெரியாது. இங்கே நடந்ததை எழுதுகிறேன்.

சனிக்கிழமை பட்டறையில் அரை நாள்தான் வேலை. பன்னிரண்டரைக்குத் திரும்பி வந்தார். வலது உள்ளங்கை முழுக்க வெள்ளை. மணிக்கட்டு, சட்டைக் கை, முழங்கை வரைக்கும் வெள்ளை. இடது கையிலும் பாதி. அதுவும் நல்ல சட்டை. மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்துக்கொண்டே கத்தினேன். "ஈரம்னு தெரியலையா உங்களுக்கு?"

"தெரிஞ்சுது. ஏணியைத் தூக்கிட்டுக் கிளம்பின பெயிண்டர்கூடச் சொன்னான்."

"தெரிஞ்சுமா கையை வச்சீங்க?"

"வேற எதைப் புடிச்சுக்கிட்டுப் போறது? ஈரமா இருக்குன்னு உன்னை மாதிரி நாலு நாள் லீவு போடவா?"

உன் நேற்றைய கடிதத்தை ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் அவருக்கு வாசித்திருந்தேன். பதினொரு மணிக்குக் குழு வருவது அவருக்குத் தெரியும். வேண்டுமென்று செய்தாரா என்று கேட்டேன். "நான் ஏழு மணிக்கு வேலைக்குப் போனேன்" என்றார். அதற்கு மேல் ஒன்றும் வாங்க முடியவில்லை.

அக்கா


ஏப்ரல் 9

அக்காவுக்கு,

குழுவில் ஐந்து பேர் வந்தார்கள். கிடங்குக்காரர் முனையில் நின்று வரவேற்றார். பெயிண்டர்கள் வேலையை முடித்துவிட்டுப் போயிருந்தார்கள். அவரும் உள்ளே போய்ப் பார்க்கவில்லை போலிருக்கிறது. சந்துக்குள் திரும்பினோம். நான் தலையைக் குனிந்துகொண்டேதான் போனேன். குழுவின் தலைவி அம்மா நின்றுவிட்டார். அவர் ஏன் நின்றார் என்று நிமிர்ந்து பார்த்தேன்.

புதுப் பெயிண்டில் நாலு விரல் தடம், அக்கா. இந்த முனையிலிருந்து கண்ணுக்கு எட்டிய தூரம் வரை. எங்குமே விடவில்லை. அவர்கள் அதன் கூடவே நடந்தார்கள். குழாய் இருக்கும் இடத்தில் விரல்கள் மேலே ஏறி, தாண்டி, மறுபடி அதே உயரத்துக்கு வந்திருந்தன. தலைவி அம்மா தன் கையை அதற்கு நேராகக் காற்றில் வைத்துக்கொண்டே கொஞ்ச தூரம் நடந்து பார்த்தார்.

கிடங்குக்காரர் குதித்தார். புதுச் சுவரை நாசம் செய்துவிட்டார்கள், புகார் கொடுப்பேன் என்றார். "யார் இது?" என்று தலைவி அம்மா கேட்டார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். இந்தத் தடவை கிராம்பைத் துப்பினேன். "எங்க மாமா. தினமும் இந்த வழியாத்தான் வேலைக்குப் போறார்" என்றேன். கண்ணைப் பற்றி நான் சொல்லவில்லை. அந்த அம்மா கோட்டை இன்னொரு தடவை பார்த்தார், கேட்கவில்லை.

உடனே தீர்ப்புச் சொல்லிவிடுவார்கள் என்று நினைத்தாயா? எங்கள் ஆட்கள் அப்படிச் செய்தால் வானம் இடிந்து விழுந்துவிடும். பரிந்துரையை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். மறுபடி ஐந்து நாள் கணக்கெடுக்க வேண்டுமாம். அதன் பிறகு ஒரு கூட்டமாம், அதன் பிறகு முடிவாம். நான் உறவுக்காரன், என்னை அனுப்பாதீர்கள் என்று எழுதிக் கொடுத்தேன். எண்ணுகிற ஊழியருக்கு இன்னும் முதுகு நிமிரவில்லை. கூடவே கிடங்கு ஆள் ஒருத்தரை உட்கார வைத்துக்கொண்டு நீயே எண்ணு என்றுவிட்டார்கள். மே 5 திங்கட்கிழமை ஆரம்பம். காலை ஆறு முதல் மாலை ஆறு வரை.

லீவு போட்டுவிடாதே, அக்கா.

தம்பி


ஏப்ரல் 12

தம்பிக்கு,

வாசித்துக் காட்டினேன். "எங்க மாமா" என்ற இடத்தில் நிறுத்தச் சொன்னார். அந்த வரியை இன்னொரு தடவை வாசிக்கச் சொல்லிவிட்டு, "மேல படி" என்றார்.

நான் லீவு போடவில்லை. மே 5 திங்கட்கிழமை ஏழு மணிக்கு அவர் தனியாகத்தான் வருவார்.

நாற்காலியை எதிரே சாக்கடைப் பக்கம் போட்டுக்கொள். நாற்றம் அடிக்கும், பரவாயில்லை, ஐந்து நாள்தானே. சுவர்ப் பக்கம் அவருடையது.

அவர் யார் என்று கேட்டால், வாயைத் திறந்து சொல்.

அக்கா